தொங்கும் துப்பாக்கியும் வெடிக்கும் துப்பாக்கியும்

முதல் காட்சியில் சுவரில் ஒரு துப்பாக்கி தொங்கினால், நாடகம் முடிவதற்குள் அது வெடித்தாக வேண்டும் என்று செகாவ் சொன்னதாக நம்மிடையே அடிக்கடி சொல்லப்படுவதுண்டு. சிறுகதை பற்றிய எந்தக் கூட்டத்திலும் இதைக் கேட்காமல் வீடு திரும்புவது கடினம். பிரிட்டிஷ் சட்டம் ஏறக்குறைய இதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, பழம்பொருளாகிவிட்ட ஒரு துப்பாக்கியை விநோதப் பொருளாகவோ அலங்காரப் பொருளாகவோ வைத்திருப்பவருக்கு உரிமம் தேவையில்லை என்கிறது. எவையெல்லாம் பழம்பொருள் என்பதை 2021இல் வந்த விதிகள் வரையறுத்துச் சொல்லின. ஆனால் அதே துப்பாக்கியை ஒருவர் சுடுவதற்கென்று வைத்திருந்தால் அந்தச் சலுகை போய்விடுகிறது. காவல்துறையின் சான்றிதழ் வேண்டும். பூட்டிய இரும்புப் பெட்டி வேண்டும். கரிமருந்து வாங்க இன்னொரு சான்றிதழ் வேண்டும். தொங்கும்வரை அது கலைப்பொருள். வெடித்தால் ஆயுதம்.

பிரிட்டனின் பழைய நீர்ப்பறவை வேட்டைத் துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களும் இந்தக் கோட்டின் இரு பக்கங்களிலும் நிற்கிறார்கள். எண்ணெய் பூசிக் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பவர்கள் ஒரு பக்கம். குளிர்கால விடியலில் அவற்றைத் தோளில் சுமந்துகொண்டு சேற்றில் இறங்குபவர்கள் மறுபக்கம். வேட்டையை வெறுக்கும் ஒரு வாசகன் முதல் தரப்பின் பக்கம்தான் நிற்பான் என்று எதிர்பார்ப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. ஏன் என்பதைச் சொல்லிப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

*

முதலில் இந்த வேட்டை எத்தகையது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆங்கில நாவல்களில் நாம் படித்திருக்கும் வேட்டை பெரும்பாலும் பண்ணை வீட்டு வேட்டை. ஆட்கள் புதர்களைத் தட்டிப் பறவைகளைக் கிளப்பிவிட, கனவான்கள் வரிசையாக நின்று சுடுவார்கள். நீர்ப்பறவை வேட்டை வேறு உலகம். கடலோரக் கழிமுகங்களிலும் உப்புச் சதுப்புகளிலும் நடப்பது அது. ஓதம் ஏறும் நேரத்தையும் காற்றின் திசையையும் கணக்கிட்டு, இருட்டில் தனியாக நடந்துபோய், ஓர் ஓடையின் மடியில் பதுங்கிக் காத்திருப்பது. பெரும்பாலான நாட்களில் வெறுங்கையுடன் திரும்புவது. மீனவர்களும் படகுக்காரர்களும் கூலிகளும் குளிர்காலத்தில் வாத்து சுட்டுச் சந்தையில் விற்றுப் பிழைத்தார்கள். நார்ஃபோக்கின் பிரைடன் நீர்ப்பரப்பில் வாழ்ந்த அத்தகையவர்களைப் பற்றி ஆர்தர் பேட்டர்சன் (1857–1935) தம் வாழ்நாள் முழுதும் எழுதினார். பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கும் வேலையில் இருந்தவர் அவர். எனவே ஏழைகளின் வீடுகளை உள்ளிருந்து அறிந்திருந்தார்.

இந்த வேட்டைக்கான துப்பாக்கிகள் கனமானவை. நம் ஊரில் பன்னிரண்டு போர் என்று சொல்வோமே, அந்த எண்ணுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அதுவே அந்தக் குழலின் உள்விட்டம். ஆகவே எண் குறையக் குறையக் குழல் பெருக்கும். பன்னிரண்டு போர் ஏறத்தாழ 18.5 மி.மீ.; எட்டு போர் 21 மி.மீ.க்குச் சற்று மேல். நிலத்து வேட்டைக்கான பன்னிரண்டு போர் துப்பாக்கி மூன்று கிலோ எடையுள்ளது என்றால், எட்டு போர் இரட்டைக்குழல் துப்பாக்கி ஆறு கிலோவைத் தொடும். உயரத்தில் பறக்கும் கனத்த வாத்துகளை எட்ட நிறைய ரவையும் நிறைய மருந்தும் வேண்டும். அதைத் தாங்கக் கனத்த இரும்பு வேண்டும்.

துப்பாக்கியின் வரலாற்றையே இந்தச் சதுப்பு நிலம் ஒருமுறை திருப்பியிருக்கிறது. ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி என்ற ஊரில் அலெக்சாண்டர் ஃபார்சைத் என்றொரு பாதிரியார் இருந்தார். வாத்து வேட்டையில் பிரியம் கொண்டவர். அக்காலத்துச் சக்கிமுக்கித் துப்பாக்கியில் விசையை இழுத்ததும் முதலில் கிண்ணியில் உள்ள மருந்து பளிச்சென்று எரியும். பிறகுதான் குழலில் உள்ள மருந்து வெடிக்கும். அந்த இடைவெளியில் பறவை வெளிச்சத்தைக் கண்டு நீரில் மூழ்கிவிடும். இதற்கு மாற்றுத் தேடிய பாதிரியார், அடித்தாலே வெடிக்கும் ரசாயனத்தைக்கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் முறையைக் கண்டுபிடித்து 1807இல் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்த செப்புத் தொப்பிகள் பின்னர் உலகின் ராணுவங்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. 1857இல் வட இந்தியாவைக் கொந்தளிக்க வைத்த என்ஃபீல்டு துப்பாக்கியின் குதிரை அடித்ததும் அத்தகைய ஒரு தொப்பியைத்தான். ஒரு வாத்து மூழ்கித் தப்பிக்கக் கூடாது என்ற விருப்பம் எங்கெல்லாமோ போய் மனிதர்களைக் கொன்றது. சுவரில் தொங்கும் துப்பாக்கியின் கீழே பொறிக்கப்படும் பித்தளைத் தகட்டில் இந்த வரலாறெல்லாம் இடம்பெறுவதில்லை. செய்தவர் பெயரும் ஆண்டும் இருக்கும்.

*

கிழக்கு இங்கிலாந்தில் எசெக்ஸ் கரையோரம் நான் சில ஆண்டுகள் வசித்தபோது, பக்கத்து வீட்டில் ஒரு முதியவர் இருந்தார். படகு கட்டும் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் மதுக்கடையின் சுவரில் ஒரு நீண்ட துப்பாக்கி மாட்டப்பட்டிருந்தது. பளபளவென்று மெருகேற்றி, குழலை அடைத்து, மேலே ஒரு சிறு விளக்கும் போட்டிருந்தார்கள். அதை அழகு என்று நான் சொன்னதற்கு அவர், “அது செத்துப்போன துப்பாக்கி” என்றார். அவருடையது வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. 1880களில் பர்மிங்காமில் செய்யப்பட்ட எட்டு போர் இரட்டைக்குழல். அலங்காரச் செதுக்கல் எதுவும் கிடையாது. கைபட்டுக் கைபட்டு வாதுமை மரக்கட்டை கருத்திருந்தது.

அதை அவர் எனக்குப் படிக்கக் கற்றுத்தந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். குழலின்மேல் நீர்க்கோலம்போல் ஓடிய வரிகள் செதுக்கியவை அல்ல. இரும்பையும் எஃகையும் அடுக்கிக் காய்ச்சி, முறுக்கி, பட்டையாக்கி, ஒரு கம்பியைச் சுற்றிச் சுருளாக வளைத்துச் சம்மட்டியால் அடித்து ஒட்டியதில் வந்தவை. டமாஸ்கஸ் குழல் என்று பெயர். குழலைக் கழற்றித் திருப்பினால் அடியில் சிறு முத்திரைகள். லண்டனில் 1637 முதல் இருக்கும் துப்பாக்கிக் கம்மியர் குழுமமும் 1813இல் தொடங்கிய பர்மிங்காம் சோதனை நிலையமும் ஒவ்வொரு குழலிலும் வழக்கத்துக்கு அதிகமான மருந்தை இட்டு வெடித்துப் பார்த்து, தாங்கியவற்றில் மட்டும் முத்திரை இடுகின்றன. ‘உருண்டைக் குண்டுக்கு அல்ல’ என்று பொருள்படும் ஒரு முத்திரை 1875க்கும் 1887க்கும் இடைப்பட்ட குழல்களில் காணப்படும். வாயருகே குழலைச் சற்றே குறுக்கி, ரவை சிதறாமல் தொலைவு போகச் செய்யும் முறை அப்போதுதான் பரவியது. பர்மிங்காமின் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் அதைச் செம்மைப்படுத்தியவர்களுள் முதன்மையானவர். ‘துப்பாக்கியும் அதன் வளர்ச்சியும்’ என்ற அவருடைய பெருநூல் 1881இல் வெளிவந்தது.

இந்த அறிவெல்லாம் சுடுபவருக்குத்தான் வேண்டியிருக்கிறது என்பதுதான் நான் கண்டுகொண்டது. தொங்கவிடுபவருக்கு வரிகளின் அழகு போதும். சுடுபவருக்கோ குழலின் சுவர் எங்கே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். முத்திரை கரிமருந்துக்கு மட்டும் உரியதா, இன்றைய புகையில்லா மருந்துக்கும் உரியதா என்று வாசிக்கத் தெரிய வேண்டும். பழைய பன்னிரண்டு போர் துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை 65 மி.மீ. நீளத்துக்குச் செய்யப்பட்டது. இன்று கடையில் எளிதாகக் கிடைக்கும் 70 மி.மீ. தோட்டாவை அதில் இட்டால் அழுத்தம் அபாயமாக ஏறக்கூடும். ஒரு தவறு போதும், கையே போய்விடும். சோதனையின் வரம்பை மீறித் தேய்ந்த துப்பாக்கியை விற்பது 1868ஆம் ஆண்டுச் சட்டப்படி இன்றும் குற்றம். கவனம் என்ற சொல்லுக்கு முழு அர்த்தத்தை நான் அந்தத் தச்சரின் மேசையில் பார்த்தேன். பழைய சுவடியைப் புரட்டுபவரின் கைகள் அவருக்கு.

ஒரு ஜனவரி விடியலில் என்னையும் அழைத்துப் போனார். சேறு முழங்கால்வரை இழுத்தது. இரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. வெளிச்சம் வந்தபின் மேலே ஒரு சீழ்க்கை கேட்டது. அவர் ஒருமுறை சுட்டார். கந்தக நெடியுடன் வெண்புகை கிளம்பி எங்கள்முன் திரைபோல் நின்றது. பறவை விழுந்ததா என்று புகை விலகும்வரை தெரியவில்லை. நாய் ஓடையைக் கடந்து அதைக் கவ்விக்கொண்டு வந்து கொடுத்தது. அவர் என் கையில் வைத்தார். இன்னும் சூடு ஆறாத உடல், செந்தலை, நெற்றியில் சந்தன நிறப் பட்டை. நாமத்தலை வாத்து. குளிர்காலத்தில் நம் ஏரிகளுக்கும் வரும் அதே இனம். தமிழ்ப் பெயர் உடனே வாயில் வந்தது. அதற்குமேல் பேச எனக்கு ஒன்றும் வரவில்லை. அவர் அன்று மறுபடி சுடவில்லை. மாலையில் வெந்நீர் ஊற்றிக் குழலைக் கழுவினார். கரிமருந்தின் கசடு ஈரத்தை உறிஞ்சி ஒரே இரவில் துருவேற்றிவிடுமாம். பறவையை மறுநாள் சமைத்தார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

*

இதை வைத்து வேட்டைக்கு ஒரு துதி பாடிவிட முடியாது. இந்தத் துப்பாக்கிகளின் வம்சத்தில் இன்னொரு கிளை இருக்கிறது. தட்டையான சிறு படகின் முன்பகுதியில் பீரங்கிபோல் பொருத்தப்பட்ட பன்ட் துப்பாக்கி. தோளில் வைத்துச் சுட முடியாதது. ஒரே வெடிப்பில் அரைக் கிலோவோ அதற்கு மேலோ ரவையை நீரில் அமர்ந்திருக்கும் கூட்டத்தின்மேல் வாரி இறைப்பது. 1809இல் தாலவேரா போரில் காயமுற்றுத் திரும்பிய கர்னல் பீட்டர் ஹாக்கர், ஹாம்ப்ஷயரின் கீஹேவன் கரையில் இதைத் தம் வாழ்வின் கலையாக்கிக்கொண்டார். 1814இல் இளம் வேட்டைக்காரர்களுக்கு அவர் எழுதிய கையேடு பல பதிப்புகள் கண்டது. 1893இல் அச்சேறிய அவருடைய நாட்குறிப்பில் வாழ்நாள் முழுவதும் சுட்டவற்றின் கணக்கு இருக்கிறது. கணக்கு வைத்தவரின் மனத்தில் பறவை எப்போது எண்ணாக மாறியது என்ற கேள்வி எனக்கு எழாமல் இல்லை.

அமெரிக்காவில் இத்தகைய துப்பாக்கிகள் சந்தைக்காக வாத்துகளை வாரிக் குவித்தன. 1918இல் வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டம் வந்த பிறகு, பத்து போருக்குப் பெரிய துப்பாக்கியால் அவற்றைச் சுடுவது அங்கே தடைசெய்யப்பட்டது. பிரிட்டன் தடை செய்யவில்லை. 1981ஆம் ஆண்டின் சட்டம் குழல் வாயின் உள்விட்டம் ஒன்றே முக்கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று மட்டும் சொன்னது.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. ஆங்கிலேயப் படையினர் வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டார்கள். 1798இல் லயனல் பிளேஸ் என்ற ஆட்சியர் அவர்களுடைய உரிமையை ஏற்று எழுத்தில் கொடுத்தார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பது ஊராருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் படையினரின் கைகளில் இருந்தவை இன்று ஏலக் கூடங்களில் கொண்டாடப்படும் அதே சக்கிமுக்கி யுகத்துத் துப்பாக்கிகள். இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நம் ஊர்களில் நரிக்குறவர் தோளில் பார்த்த நாட்டுத் துப்பாக்கியும் வாய்வழி மருந்து கெட்டித்துச் சுடுவதுதான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் அவர்களுடைய வேட்டையைக் குற்றமாக்கின. அது தேவையான சட்டம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரே பொறிமுறை ஓரிடத்தில் பாரம்பரியமாகவும் ஓரிடத்தில் வழக்காகவும் ஆவதை, சேகரிப்பின் அழகியலைப் பேசுவோர் கொஞ்சம் யோசிக்கலாம்.

*

இந்த முரண்களையெல்லாம் தம் ஒரே வாழ்வில் சுமந்தவர் பீட்டர் ஸ்காட். தென்துருவப் பயணத்தில் இறந்த கேப்டன் ஸ்காட்டின் மகன். இளமையில் பன்ட் படகில் கவிழ்ந்து படுத்துக் கழிமுகங்களில் சுட்டுத் திரிந்தவர், ஓவியர். 1935இல் வந்த ‘மார்னிங் ஃப்ளைட்’ நூலில் அந்த விடியல்களை எழுதியும் வரைந்தும் காட்டினார். 1946இல் ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்பறவைகளுக்கான அறக்கட்டளையைத் தொடங்கினார். பின்னர் துப்பாக்கியை வைத்துவிட்டார். கால்கள் முறிந்து, யாரும் நடந்துபோய் எடுக்க முடியாத இளகிய சேற்றில் விழுந்து, மறுநாளும் உயிரோடு கிடந்த ஒரு வாத்தைப் பற்றி அவர் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். பால் காலிகோவின் ‘ஸ்னோ கூஸ்’ குறுநாவலில் எசெக்ஸ் சதுப்பில் தனியே வாழ்ந்து காயம்பட்ட பறவைகளைப் பேணும் ஓவியனுக்கு அவரே முன்மாதிரி என்பார்கள்.

ஸ்காட்டை இரு தரப்பினரும் தம்மவர் என்று உரிமை கொண்டாடுவதுண்டு. எனக்கு அவர் வேறொன்றைச் சொல்கிறார். சேற்றில் கிடந்த அந்த வாத்தைப் பார்க்க, சேற்றில் அவர் நின்றிருக்க வேண்டியிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்பவனுக்கு அந்தப் பறவை ஒருபோதும் தென்படாது. துப்பாக்கியின் உண்மை அதன் முன்னால் விழுவதில் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வரிகளின் நுட்பத்தையும் செதுக்கலின் நேர்த்தியையும் மட்டும் போற்றும் சேகரிப்பு, வேட்டையைவிட நாகரிகமானது போலத் தோன்றும். ஆனால் அது நேர்மைக் குறைவானது.

அப்படியானால் சுடுபவர்கள் எல்லோரும் நேர்மையானவர்களா? இங்கேதான் ஈயம் வருகிறது. சதுப்பில் சிதறும் ஈய ரவையைப் பறவைகள், இரை அரைக்க விழுங்கும் சிறுகல் என்று நினைத்து விழுங்குகின்றன. இரைப்பையில் அது அரைபட்டு நஞ்சாகிக் கொல்கிறது. குறி தவறிய ரவையும் கொல்கிறது என்று பொருள். இங்கிலாந்தில் 1999இலும் ஸ்காட்லாந்தின் ஈரநிலங்களில் 2004இலும் இதற்குத் தடை வந்தது. இருந்தும் 2010இல் வெளியான ஓர் அரசு ஆய்வில், இங்கிலாந்தில் விலைக்கு வாங்கிச் சோதித்த வாத்துகளில் ஏறத்தாழ 70 சதவீதம் ஈயத்தால் சுடப்பட்டவையாக இருந்தன. ஈய ரவைகளை எல்லா இடங்களிலும் கட்டுப்படுத்தப்போவதாக அரசு 2025இல் அறிவித்தது.

பழைய துப்பாக்கிக்காரர்களிடம் இதற்கு ஒரு வாதம் உண்டு. மாற்றாக வந்த எஃகு ரவை கடினமானது. பழைய மென்குழலைக் கீறிக் கெடுத்துவிடும். உண்மைதான். ஆனால் பிஸ்மத் ரவை இருக்கிறது. மென்மையில் ஈயத்துக்கு அருகில் நிற்பது. அடர்த்தி ஈயத்துக்கு 11.3 என்றால் இதற்கு 9.7, எஃகுக்கு 7.8தான். விலை அதிகம் என்பதுதான் சிக்கல். நூற்று நாற்பது வயதான ஒரு குழலுக்காக ஆயிரக்கணக்கான பவுண்டுகள் செலவழிப்பவர், தோட்டாவின் விலையைக் காரணம் காட்டி ஈயத்தை இறைத்தால், அவர் நேசிப்பது சதுப்பையோ பறவையையோ அல்ல. என் அண்டைவீட்டுத் தச்சர் பிஸ்மத் தோட்டாக்களைத் தாமே கட்டிக்கொள்வார். விலை கட்டுப்படியாகாததால் ஒரு பருவத்துக்கு அவர் சுடுவது இருபதைத் தாண்டாது. அந்தக் கட்டுப்பாடு நல்லதுக்கே என்றும் சொல்வார்.

என் கருத்தைத் தொகுத்துச் சொல்வதானால் இப்படிச் சொல்வேன். இந்தத் துப்பாக்கிகள் அவ்வப்போது வெடிக்கத்தான் வேண்டும். மருந்தின் அளவும் முத்திரையின் மொழியும் வெந்நீரில் கழுவும் பக்குவமும் கைகளில் மட்டுமே வாழ்கின்றன. கைகள் நின்றுவிட்டால் அவை எந்த அருங்காட்சியகத்திலும் மிஞ்சாது. அதற்குப் பறவைதான் வேண்டும் என்பதில்லை. களிமண் வட்டு போதும். தம் தட்டுக்கு ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொண்டு, விழுந்ததைத் தேடி எடுக்காமல் வீடு திரும்பாத ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல, கடையில் கோழி வாங்கும் எனக்கு வாயில்லை. ஆனால் பன்ட் துப்பாக்கிகள் பறவைகளை நோக்கித் திரும்புவது இனி வேண்டாம். லிங்கன்ஷயரின் கௌபிட்டில் விக்டோரியா மகாராணியின் 1897ஆம் ஆண்டு விழாவிலிருந்து முடிசூட்டுக்கும் ஆட்சி விழாக்களுக்கும் அவற்றை வெற்று வணக்கமாக வெடிக்கும் வழக்கம் உண்டு. அந்தப் பணி அவற்றுக்குப் போதும். எவ்வளவு கொல்ல முடிந்திருக்கிறது என்பதற்கு அவ்வளவு பெரிய ஓசை சாட்சியாக இருக்கட்டும்.

தச்சர் இப்போது சதுப்புக்குப் போவதில்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று கடைசியாகப் பேசியபோது சொன்னார். துப்பாக்கியை என்ன செய்யப் போகிறார் என்று கேட்டேன். மதுக்கடைக்காரர் நல்ல விலைக்குக் கேட்டிருக்கிறாராம், சுவரின் மறுபக்கம் காலியாக இருக்கிறதென்று. கொடுக்கவில்லை. பேத்திக்குச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்கிறார். அவள் பறவைகளைச் சுட மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம், வட்டு மட்டும்தான் சுடுவாளாம். “அதனாலென்ன, கழுவத் தெரிந்தால் போதும்” என்றார்.